புனலூர் ஸ்கேன் கடை: வேலை சுத்தம், அதுதான் பிரச்சினை

ஸ்கேன் செய்யும்போது கடிதத்தின் ஓரத்தை வெட்டக் கூடாது என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுங்கள். இந்த ஒன்றைச் செய்துவிட்டால் நம்பிக் கொடுக்கலாம், நல்ல கடைதான். அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். வீட்டில் பழைய கடிதம் வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு இதை யாரும் முன்னாலேயே சொல்லாததால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை மலை ஏறி இறங்க வேண்டியதாயிற்று.

கடை புனலூரில் இருக்கிறது. பெயர் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன், அந்த மனிதரோ நல்லவர், அப்புறம் பெயர் எதற்கு. பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், மங்கிப்போன படத்தைத் தெளிவாக்குவது எல்லாம் செய்கிறார்கள். போர்டில் மலையாளத்தில் 'ஆதாரம்' ஸ்கேன் செய்து தருவதாக இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஆதார் கார்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய போர்டு என்று நினைத்தேன். அங்கே ஆதாரம் என்றால் நிலப் பத்திரம். பாகப்பிரிவினை, கோர்ட்டு கேஸ் என்று பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அவருக்கு அதிகம், அதனால் பழைய தாளைத் தொடத் தெரிந்த கை. செங்கோட்டையில் இல்லாத கடையா, தென்காசியில் இல்லாத கடையா என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் கடிதங்கள் இருந்தது குளத்துப்புழையில், சித்தி வீட்டில். அந்தத் தகர டப்பாவை மலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவர விடமாட்டேன் என்று சித்தி ஒரே பிடிவாதம், தொலைந்துவிடுமாம். புனலூர் வரைக்கும் அனுமதி, அதுவும் அவளும் கூட வருவாள் என்ற நிபந்தனையோடு.

கடிதங்கள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆச்சியின் தங்கை, நாங்கள் சின்னாச்சி என்போம், கல்யாணமான கையோடு 1930களில் சிலோனுக்குப் போனவள். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தாள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானபோது, அந்தக் கணக்கில் சின்னாச்சி வீடும் சேர்ந்தது. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப் வழியாகக் குளத்துப்புழைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிறந்த ஊர் புளியரை மலைக்கு இந்தப் பக்கம், கொடுத்த வேலை மலைக்கு அந்தப் பக்கம். அவள் கொண்டுவந்த ட்ரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் புளியரையிலிருந்து ஆச்சி அவளுக்கு எழுதிய 71 கடிதங்கள். ஆச்சிக்கு எழுதத் தெரியாது. எல்லாம் ஊர் வாத்தியார் கையெழுத்து.

இது அபூர்வம் என்று எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் பிழைப்பு. வீட்டிலிருந்தே பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். வெளிநாட்டில் தங்கள் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்களுக்காக நடக்கும் ஒரு சேவை, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஐந்து வருஷமாக என் கையில் வருவது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கிராமங்களிலிருந்து கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்களின் குடும்பக் கடிதங்கள். போனவன் அங்கிருந்து எழுதியது நிறைய மிஞ்சியிருக்கிறது. ஊரில் வீடு அசையாமல் இருந்தது, அலமாரி இருந்தது. போதாததற்கு அந்தக் கடிதங்களைப் பாரிஷ் (சர்ச்சை ஒட்டின ஊர் நிர்வாகம்) ஆட்களே அச்சடித்து, 'பாருங்கள், அங்கே எவ்வளவு சுகம், நீங்களும் போங்கள்' என்று ஊரூராகக் கொடுத்தார்கள். 1832 முதல் 1837 வரை சசெக்ஸில் பெட்வொர்த் என்ற ஊரிலிருந்து, எக்ரிமான்ட் பிரபுவின் பணத்தில் சாக்கெட் என்ற பாதிரியார் முன்னின்று ஏறக்குறைய 1,800 பேரைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள், அங்கே இதுதான் நடந்தது. வருஷா வருஷம் ஏழைகளுக்கென்று வசூலித்த வரிப் பணத்தில் கஞ்சி ஊற்றுவதைவிட ஒரே தடவை கப்பல் கூலி கொடுத்து அனுப்பிவிடுவது மலிவு என்று கணக்குப் போட்ட காலம். ஊரிலிருந்து போனவனுக்கு வந்த கடிதங்களின் கதை வேறு. அவன் காடு வெட்டி, பண்ணை மாறி, ஊர் மாறி அலைந்தவன். கடிதம் எங்கேயோ நனைந்து, எலி தின்று போயிற்று. அதனால் அந்த வகை ஒன்று வந்தால் நான் காபியைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

ஆரம்பம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். கடவுள் புண்ணியத்தில் நாங்கள் சுகம், இந்த நாலு வரி உங்களையும் அதே சுகத்தில் கண்டடையும் என்று நம்புகிறோம். முதல் தடவை இதைத் தட்டச்சு செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்பதை யாரோ அங்கே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி இருந்தது. அடுத்த வரியிலேயே, அப்பா ஈஸ்டருக்கு முந்தின வாரம் தவறிவிட்டார். யாவரும் சுகம் என்று எழுதின மை காயவில்லை. பிள்ளையார் சுழி மாதிரிதான் அந்த சுகம், போட்டுவிட்டுத்தான் மற்றது. முடிவும் அப்படியே: இப்போதைக்கு இவ்வளவுதான், உன் பிரியமான அம்மா. இடையில் செத்தவர்கள் பட்டியல், பிறந்தவர்கள் பட்டியல், யாருக்கு யாரோடு கல்யாணம், யார் வீட்டுப் பன்றி எத்தனை எடை நின்றது.

கஷ்டத்தை எங்கே தேட வேண்டும் என்று பழக எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அவர்கள் விலைவாசி எழுதுவார்கள். மாவு இவ்வளவு, ரொட்டி இவ்வளவு, உருளைக்கிழங்கு இவ்வளவு, கூலி வாரத்துக்கு இத்தனை ஷில்லிங். நம் கண்ணுக்கு அது சந்தை நிலவரம். வாங்கினவனுக்கு அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலே அம்மா எத்தனை நாள் சாப்பிட்டிருப்பாள் என்று தெரிந்துவிடும். டார்செட் பக்கம் பண்ணைக் கூலி வாரம் 7 ஷில்லிங்காக இறங்கி, அதையும் 6 ஆக்கப்போகிறார்கள் என்று வந்தபோதுதான் டால்படில் கிராமத்துக்காரர்கள் சங்கம் சேர்ந்தார்கள். 1834-இல் ரகசிய சத்தியம் வாங்கின குற்றம் என்று ஆறு பேரை ஏழு வருஷத் தண்டனையோடு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அதற்கு நாலு வருஷம் முன்னால் கென்ட்டில் ஆரம்பித்த கலகம் இன்னும் பெரிது. குளிர்காலத்தில் களத்தில் கையால் கதிரடிப்பதுதான் அந்த ஜனங்களுக்கு வேலை, அதற்கும் யந்திரம் வந்துவிட்டது. யந்திரத்தை உடைத்தார்கள், 'கேப்டன் ஸ்விங்' என்ற பொய்ப் பெயரில் பண்ணையாருக்கு மிரட்டல் கடிதம் போட்டார்கள். 19 பேருக்குத் தூக்கு, ஏறக்குறைய 500 பேர் நாடு கடத்தல். குடும்பக் கடிதத்தில் இதெல்லாம் எப்படி வரும் தெரியுமா? இந்தக் குளிர்காலத்தில் களத்தில் வேலை குறைவு. ஒரு வரி. அதற்கு மேல் எழுதினால் யார் கையில் சிக்குமோ.

'யூனியன்' என்ற சொல்லை வைத்து நான் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன். மாமா யூனியனுக்குப் போய்விட்டார் என்று இருந்ததை, ஆகா தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிட்டார் என்று குறிப்புப் போட்டு அனுப்பி மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். 1834-இல் வந்த ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு பல பாரிஷ்கள் கூட்டுச் சேர்ந்து நடத்திய ஏழை விடுதிக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. உள்ளே போனால் புருஷன் ஒரு கட்டு, பெண்டாட்டி ஒரு கட்டு, பிள்ளைகள் வேறு கட்டு. ஐம்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களைக்கூட அப்படிப் பிரித்து வைத்தார்கள். வயசான அப்பா அம்மாவைப் பற்றி 'இன்னும் யூனியனுக்குப் போகவில்லை' என்று எழுதினால், அதற்கு அர்த்தம் பணம் அனுப்பு என்பது. பணம் அனுப்பு என்ற வார்த்தை வரவே வராது. போன கடிதத்துக்குப் பதில் இல்லை, நீ உயிரோடு இருக்கிறாயா என்று கோபிப்பார்கள், அப்பாவுக்கு இடுப்புவலி, மண்வெட்டி பிடிக்க முடியவில்லை என்பார்கள், பக்கத்து வீட்டுப் பையன் அமெரிக்காவிலிருந்து தன் அம்மாவுக்கு இரண்டு பவுண்டு அனுப்பினான் என்று போகிற போக்கில் சொல்வார்கள். நம் ஊர் அம்மாக்கள் தோற்றார்கள்.

இப்போது ஓரத்துக்கு வருகிறேன், கடைக்கும் இதுதான் சம்பந்தம். 1840-க்கு முன்னால் அங்கே தபால் கூலி தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் தக்கபடி, பெரும்பாலும் வாங்குகிறவர் தலையில். உள்நாட்டிலேயே நூறு மைலுக்கு ஒரு தாள் 9 பென்ஸ். வாரம் 8 ஷில்லிங் கூலி என்றால் 96 பென்ஸ், ஆறு நாள் வேலைக்கு நாளுக்கு 16. அரை நாள் உழைப்புக்கு மேல் ஒரு கடிதம் தின்றுவிடும். இரண்டாவது தாள் வைத்தால் இரண்டு மடங்கு, உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால் ஒரே தாள், அதையே மடித்து அரக்கு வைத்து ஒட்டி, வெளியே விலாசம். 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸுக்கு ஒரு பென்னி என்று உள்நாட்டுக்கு வந்தது, கடல் தாண்டுவதற்குக் கட்டணம் தனிதான். இடம் தீர்ந்தால் தாளைத் திருப்பிக் குறுக்கே எழுதுவார்கள், எழுதின வரி மேலேயே, பாயின் ஊடும் பாவும் மாதிரி. அதுவும் தீர்ந்தால் ஓரம், மடிப்பு, விலாசத்துக்குப் பக்கத்து மூலை. அரக்கு ஒட்டும் இடத்தில் மட்டும் விவரமானவர்கள் எழுத மாட்டார்கள், பிரிக்கும்போது தாளோடு கிழிந்து போகும். விவரம் இல்லாதவர்களின் கடிதங்களில் அந்த வட்டத்துக்குள் ஒரு பெயரோ ஒரு தொகையோ போயிருக்கும். நான் எத்தனையோ தடவை அந்த ஓட்டையை உருப்பெருக்கிப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன்.

அப்படி நெருக்கி எழுதின ஓரத்தில்தான் முக்கியமானது இருக்கும். நடுவில் இருப்பது எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவதற்கு, தெருவே உட்கார்ந்து கேட்கும். 1840 வாக்கில் இங்கிலாந்தில் கல்யாணப் பதிவேட்டில் ஆண்களில் மூன்றில் ஒருவர், பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறிதான் போட்டார்கள் என்றால், கடிதம் சொல்வது ஒருவர், எழுதுவது ஒருவர், அங்கே போனதும் படிப்பது இன்னொருவர். அம்மா சொல்லி மகள் எழுதின கடிதத்தில், அம்மா எழுந்து போனதும் மகள் தன் பங்குக்கு ஓரத்தில் இரண்டு வரி போட்டிருப்பாள். எழுத்து சின்னதாகிவிடும், அவசரம் தெரியும்.

சரி, கடை. முதல் தடவை 30 கடிதம் கொடுத்தேன், இரண்டு பக்கமும் சேர்த்து 62 பக்கம், பக்கத்துக்கு 15 ரூபாய், 930 ஆயிற்று. விலை நியாயம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேட்டன் ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, எண்ணை உறையின் மேல் எழுதினார், கடிதத்தின் மேல் பேனா வைக்கவில்லை, பசைச்சீட்டு ஒட்டவில்லை. மடிப்பு நிமிர இஸ்திரி போடவில்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். தமிழ் படிக்கத் தெரியாதவர், ஆனாலும் எந்தக் கடிதமும் தலைகீழாக வரவில்லை, மேலே இருக்கும் பிள்ளையார் சுழியை அடையாளம் வைத்துக்கொண்டாராம்.

கெட்டது, கடைப் பையன். அவன் முதலில் செய்யப்போனது கட்டுக்கட்டாகப் பத்திரம் இழுக்கிற ஃபீடர் மெஷினில் கடிதத்தைச் சொருகுவது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். அடுத்தது இதைவிட மோசம், நான் சித்திக்குத் தண்ணீர் வாங்கப் போன ஐந்து நிமிஷத்தில் நடந்தது. ஒரு கடிதத்தில் இருந்த தூசியை ஈரத் துணியால் ஒற்றியிருக்கிறான். அது ஊதாப் பென்சிலில் எழுதினது. பழைய ஆட்களுக்குத் தெரியும், நாக்கில் தொட்டு எழுதுவார்களே, காய்ந்திருக்கும்வரை சாம்பல் நிறம், ஈரம் பட்டால் கத்தரிப்பூ நிறமாகப் பரவும். மூன்று வரி பரவிவிட்டது. சித்தி ஒன்றுமே சொல்லாமல் அந்தக் கடிதத்தை வாங்கி முந்தானையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கொடுக்கவே இல்லை. சேட்டன் பையனைத் திட்டினார், எங்களிடம் மன்னிப்பும் கேட்டார், ஆனால் ஊதாப் பென்சில் என்றால் என்னவென்று அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய தாள் கையாளுகிற கடைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அரை மதிப்பெண் அங்கே போயிற்று.

மீதி ஒரு மதிப்பெண் போனது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பென்டிரைவைச் செருகிப் படங்களைப் பார்த்தால், அடடா, என்ன சுத்தம். தாள் பால் வெள்ளை, எழுத்து கறுகறு, நாலு பக்கமும் கத்தரித்துச் சட்டம் போட்ட மாதிரி. கல்யாணப் பத்திரிகையாக இருந்தால் கையைக் குலுக்கியிருப்பேன். தங்கை மகள் சடங்கானதுக்கும், மாமன் மகன் கல்யாணத்துக்கும் எழுதின கடிதங்களில் நாலு மூலையிலும் ஆச்சி மஞ்சள் தடவியிருந்தாள், நான் கையில் எடுத்துப் பார்த்தபோது அறுபது எழுபது வருஷத்துக்குப் பிறகும் வெளிறின மஞ்சளாக இருந்தது. ஸ்கேனில் அது இல்லை. கறை என்று நினைத்து வெளுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் துக்கச் செய்தி என்றால் தாளுக்குக் கறுப்புக் கரை போட்டிருக்கும், அரக்கும் கறுப்பாக இருக்கும். வசதியில்லாதவர்கள் அரக்கையாவது கறுப்பாக வைப்பார்கள். பிரிப்பதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். நம் மஞ்சளும் அதே வேலைதான் பார்க்கிறது, நல்ல சேதி, பயப்படாமல் பிரி என்று.

பதினேழாவது கடிதத்துக்கு வந்தேன். 1952. நடுவில் வழக்கமானது: யாவரும் நலம், மாடு கிடேரிக் கன்று போட்டது, இந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது, மூத்தவன் மூன்றாம் வகுப்பு. வலது ஓரத்தில் கத்தரித்த கோட்டுக்கு இந்தப் பக்கம் எழுத்துகளின் வால்கள் மட்டும் தெரிந்தன. தாளைத் திருப்பி வைத்து எழுதின எழுத்து அது, பாதிக்குப் பாதி வெட்டுப்பட்டு ஒரு 'ய' வின் அடி, ஒரு கொம்பு, ஒரு சுழி. தினமும் இந்த வேலை பார்க்கிறவளுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இரவு ஒன்பதரை மணிக்குச் சித்திக்குப் போன் போட்டேன். உறை எண் 17-ஐ எடு, ஓரத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு என்றேன். சித்தி கண்ணாடி போட்டு, வெளிச்சத்துக்கு நகர்ந்து, அவளே வாசித்துவிட்டாள்.

வாத்தியார் எழுதியிருந்தது. இது உங்கள் அக்காள் சொல்லி எழுதவில்லை, நானே எழுதுகிறேன். ஒரு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார்கள். ஓடைக்கரை வயலை ஒத்திக்கு வைத்தாயிற்று. தங்களிடம் சொல்ல வேண்டாம் என்கிறார்கள். முடிந்தால் ஒரு தடவை வந்து போகவும்.

அந்த வயல் எப்போது, எப்படிக் கைமாறியது என்பது எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓயாத சண்டை, இரண்டு பெரியம்மாக்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றதே அதனால்தான். பதில் ஓரத்தில் அரை அங்குல அகலத்தில் இருந்திருக்கிறது, அதைக் கடைக்காரர் அழகுக்காக வெட்டியிருக்கிறார். சின்னாச்சி வந்தாளா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. சிலோனில் அந்த வருஷங்களில் குடியுரிமை இல்லை என்று ஆகிவிட்டிருந்தது, இங்கே வந்தால் திரும்பப் போக முடியுமா என்ற பயம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோருக்கும் இருந்ததாகச் சித்தி சொல்கிறாள். பதினெட்டாம் கடிதத்தில் ஆச்சி எழுந்து நடமாடுகிறாள், மாடு பால் குறைந்துவிட்டது என்கிறாள், வயலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மறு வாரம் திரும்பப் போனேன். சண்டை போடும் மனநிலையில்தான் போனேன். "சேச்சி, ஓரத்தில் ஒன்றும் இல்லையல்லோ, அழுக்கு மட்டும்" என்றார் சேட்டன். பதினேழை எடுத்து வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக மலையாளத்தில் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். ஒத்தி என்ற இடத்தில் நிறுத்தினார். பத்திரக்காரரல்லவா, அந்தச் சொல் அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு பையனை வெளியே டீ வாங்க அனுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். 29 கடிதத்தையும் மறுபடியும், காசு வாங்காமல். (முப்பதாவது சித்தி முந்தானையோடு குளத்துப்புழையில்.)

இந்தத் தடவை செய்தது இதுதான், நீங்களும் இப்படியே கேளுங்கள். கடிதத்தின் பின்னால் கறுப்புத் தாள் வைத்தார், மறுபக்கத்து மை ஊடுருவித் தெரிவது நின்றது, தாளின் ஓரம் எங்கே முடிகிறது என்பதும் தெரிந்தது. நாலு பக்கமும் அந்தக் கறுப்பு ஒரு விரல் அகலத்துக்குத் தெரியும்படி விட்டார், எதையும் கத்தரிக்கவில்லை. 300-க்குப் பதில் 600 டிபிஐ, கலரில், வெளுப்பது கூர்மையாக்குவது எதுவும் இல்லாமல் டிஃப் கோப்பாக ஒன்று, வாட்ஸ்அப்பில் உறவுக்காரர்களுக்கு அனுப்பச் சின்னதாக ஜேபெக் ஒன்று. ஒன்றும் எழுதாத பின்பக்கத்தையும் எடுக்கச் சொன்னேன், முதல் தடவை 'காலி' என்று விட்டுவிட்டார்கள். காலியில்லை, தபால் முத்திரை அங்கேதான் இருக்கும். எங்கள் கட்டில் பழையவற்றில் அதுவே ஒரு கதை: புளியரை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, சமஸ்தானத்துக்குள்ளே போகிற கடிதத்துக்கு அவர்களுடைய 'அஞ்சல்', வெளியே போவதற்கு பிரிட்டிஷ் தபால் ஆபீஸ். அஞ்சல் 1951-இல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது, செங்கோட்டையோடு புளியரையும் 1956-இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. தேதி இல்லாத கடிதங்களை நான் வரிசைப்படுத்தியது முழுக்க முத்திரையை வைத்துத்தான்.

லேமினேஷன் செய்து தரட்டுமா என்று கேட்பார்கள், எல்லாக் கடையிலும் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். சூட்டில் ஒட்டினதைத் திரும்ப எடுக்க முடியாது. சித்திக்கு ஆசை, சின்னாச்சிக்கு வந்த கடைசிக் கடிதத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கிச் சுவரில் மாட்ட வேண்டுமாம். ஸ்கேன் பிரதியைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் சம்மதிக்கவில்லை. பழைய செல்லோடேப் ஒட்டியிருந்தால் கடையில் பிய்க்க விடாதீர்கள், அப்படியே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை. தப்பை ஒத்துக்கொண்டு திரும்பச் செய்ததற்குக் கூடக் கொடுக்கலாம்தான், அந்த மூன்று வரியை நினைத்தால் கை வரவில்லை.

மீதி 41 கடிதம் சித்தி வீட்டில் இருக்கிறது, ஓணக் கூட்டம் ஓய்ந்ததும் போவேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை அடைத்திருக்கும், இரண்டரைக்கு மேல் போங்கள். கறுப்புத் தாளை நீங்களே வாங்கிக்கொண்டு போவது நல்லது. அவரிடம் இருந்தது எங்கள் கடிதங்களுக்கே தீர்ந்துவிட்டது.